வாசல் இல்லாத தேர்வீதி

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் தேர்த் திருவிழா என்றால் வீதியோரத்து வீடுகள் அதிகாலையிலேயே தயாராகிவிடும். முற்றம் கூட்டி, தண்ணீர் தெளித்து, வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, சுவாமி தம் வீட்டைக் கடக்கும் நேரத்துக்காகக் குடும்பமே அர்ச்சனைத் தட்டோடு நிற்கும். ஜெர்மனியில் ஹம் நகரின் விளிம்பிலுள்ள ஊன்ட்ரோப்பில், ஸ்ரீ காமாட்சி அம்பாள் தேர் ஓடும் சாலையில் அப்படி வாசல் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவும் இல்லை. அது ஒரு தொழிற்பேட்டை. இரு பக்கமும் கிடங்குகள், கம்பி வேலிகள், லாரிகள் திரும்புவதற்கான அகலமான தார்ச் சாலை. அங்கேதான் ஆண்டுதோறும் மே, ஜூன் மாதவாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லாயிரம் பேர் கூடி வடம் பிடிக்கிறார்கள். புலம்பெயர்ந்தவர்களின் திருவிழாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். அப்படியே ஊரைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது ஒன்று. ஊரிலிருந்ததன் நிழல்தான் இது என்பது மற்றொன்று. இரண்டுமே பொருந்தாது என்பது என் எண்ணம். ஊரில் சுவாமி வீட்டு வாசலைத் தேடி வருகிறார்; இங்கே வீடுதான் சுவாமியைத் தேடிப் போகிறது. திசை மாறிவிட்டது. அதனால் வீட்டின் வேலையும் மாறிவிட்டது, கூடிவிட்டது.

இந்தத் திசைமாற்றத்துக்குக் காரணம் பக்தியில் இல்லை, ஜெர்மனியின் அகதிச் சட்டத்தில் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அங்கே போய்ச் சேர்ந்த ஈழத் தமிழர்களை அரசு ஓரிடத்தில் குடியேற விடவில்லை. தஞ்சம் கேட்டவர்களை மாநிலத்துக்கு இத்தனை பேர், நகரத்துக்கு இத்தனை பேர் என்று பங்கு போட்டு அனுப்பியது. விண்ணப்பம் முடிவாகும்வரை ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போகவும் அன்று முடியவில்லை. சொந்தக்காரர் பக்கத்து நகரத்தில் இருந்தாலும் பார்க்கக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. டொராண்டோவின் ஸ்கார்பரோ போலவோ, பாரிஸின் லா ஷப்பேல் போலவோ ஒரு தமிழ்த் தெரு ஜெர்மனியில் உருவாகாமல் போனதற்கு இதுவே முக்கியக் காரணம். பாரிஸில் மாணிக்க விநாயகர் தேர், தமிழ்க் கடைகள் வரிசையாக நிற்கும் தெருக்களின் வழியே வருகிறது. கடைக்காரர்கள் வாசலில் தோரணம் கட்டுகிறார்கள், தாகத்துக்குக் கொடுக்கிறார்கள். அங்கே ஊர் ஏற்கெனவே இருக்கிறது, திருவிழா அதற்குள் நடக்கிறது. ஹம்மில் அப்படி ஓர் ஊர் இல்லை. தேர்நாளில்தான் அது உண்டாகிறது, அன்று மாலையே கலைந்து நெடுஞ்சாலைகளில் ஏறிவிடுகிறது.

கோயில் வளர்ந்த கதையையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். ஆறுமுகம் பாஸ்கரன் என்ற குருக்கள் 1985-இல் ஜெர்மனிக்கு வந்தவர். 1989-இல் ஹம் நகரில் ஒரு குடியிருப்பு வீட்டின் நிலவறையில் அம்பாளை வைத்துப் பூசை தொடங்கினார். அதாவது கோயிலே முதலில் ஒரு வீட்டின் அடியில்தான் இருந்தது. 1993-இல் முதல் வீதியுலா நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கூட்டம் ஆயிரக்கணக்காகப் பெருகியது. வண்டி நிறுத்த இடமில்லை, சத்தம் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள் முறையிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு குறுகிய குடியிருப்புத் தெருவுக்குள் தேர்க்கூட்டம் புகுந்தால் நம்மூர்க்காரர்களும் முணுமுணுப்பார்கள். நகராட்சியோடு பேசி முடிந்த இடம்தான் ஊன்ட்ரோப். 2002 ஜூலை 7 அன்று குடமுழுக்கு. 27 மீட்டருக்கு 27 மீட்டர் மண்டபம், 17 மீட்டர் உயர ராஜகோபுரம். எட்டும் தூரத்தில் ஒரு கால்வாய் இருந்தது பெரிய வசதியாயிற்று. சரக்குக் கப்பல் போகும் அந்தத் தண்ணீரில்தான் தீர்த்தோற்சவம்.

கொடியேற்றம் தொடங்கித் தேர்வரை இரண்டு வாரம் நடக்கும் மகோற்சவத்தில் எல்லா நாளும் கோயிலுக்கு வருகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு அந்த நாட்கள் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அடுக்குமாடி வீட்டில் கழிகின்றன. ஊரில் கொடியேறிவிட்டால் மச்சம் விலக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கோயில் மணி கேட்கும், பக்கத்து வீட்டிலும் சட்டி மாறியிருக்கும், மீன்காரரே அந்தப் பக்கம் வர யோசிப்பார். ஜெர்மன் நகரத்தில் இந்தத் துணை எதுவும் கிடையாது. விரதச் சட்டி பானையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். வீடு கழுவ வேண்டும் என்பது முறை. கார்ப்பெட் ஒட்டிய தரையைக் கழுவ முடியாதே, வாக்குவம் கிளீனரைப் போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தெளித்த பாவனையில் முடிக்க வேண்டும். சாம்பிராணி போட்டால் கூரையிலிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறும் என்பதால் பால்கனிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். உணவகச் சமையலறையில் நாள் முழுக்க இறைச்சி புரட்டுகிறவர், அந்த இரண்டு வாரத்தில் எந்த நாளுக்கு விடுப்புக் கேட்பது என்று கணக்குப் போட வேண்டும். இவ்வளவையும் ஊரின் தூண்டுதல் இல்லாமல் வீடு தானே நினைவு வைத்துச் செய்கிறது. கேதாரகௌரி விரதமும் இப்படித்தான்: இருபத்தொரு நாளும் வீட்டில் நோற்று, கடைசி நாளில் மட்டும் கோயிலுக்குப் போய்க் காப்பு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். தேர்நாளில் தார்ச் சாலையில் பிரதட்டை பண்ணுகிற ஆண்களும், தேருக்குப் பின்னே அடியழிக்கிற பெண்களும், செடில் குத்திக் காவடி எடுப்பவர்களும் அந்த வீடுகளிலிருந்துதான் புறப்பட்டு வருகிறார்கள்.

தேரை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது பஞ்சாங்கத்துக்கு விடுமுறை கொடுப்பது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. திதியையும் நட்சத்திரத்தையும் பார்த்து வைக்க வேண்டிய தேரை வேலை நாட்காட்டி தீர்மானிப்பது ஆசாரவாதிக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் அர்ச்சகர் ஒருவரே செய்துவிடக்கூடிய பூசையும் தேரும் ஒன்றல்ல. தேருக்கு ஆள் வேண்டும். புதன்கிழமை காலையில் வடம் பிடிக்க ஹம்முக்கு எத்தனை பேர் வர முடியும்? தவிர, திதி எங்கேயும் போய்விடவில்லை, அது வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கும், சஷ்டி உபவாசமும், அமாவாசைப் படையலும் அந்தந்த நாளிலேயே வீட்டில் நடக்கின்றன. நாள் தவறாமை வீட்டின் பொறுப்பாகவும், ஆள் சேர்வது கோயிலின் பொறுப்பாகவும் பிரிந்துகொண்டன. ஊரில் இரண்டும் ஒரே இடத்தில் நடந்ததால் இவை இரண்டு வேலைகள் என்பதே நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு குறை, இது காட்சிப்பொருள் ஆகிவிட்டது என்பது. தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், ஜெர்மானியர்கள் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கிறார்கள், அவர்களின் கேமராக்கள் காவடியையே சுற்றுகின்றன. உண்மைதான். ஆனால் எந்தத் தேர்த் திருவிழா காட்சியாக இல்லாமல் இருந்தது? காட்சி கொடுக்கத்தானே மூலவருக்குப் பதில் உற்சவர் வெளியே வருகிறார். பார்க்க வருகிறவர்களை அதிகம் கேள்வி கேட்காததில் எனக்கு ஒரு நன்மையும் தெரிகிறது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போவதற்கே போராட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தத் திருவிழா எந்தச் சாதிக்கு, வடம் யார் தொடலாம் என்பதெல்லாம் வழக்காகவும் வன்முறையாகவும் ஆனதுண்டு. ஹம் கோயிலை நிறுவிய குருக்கள் பிராமணர் அல்லர், வீரசைவ மரபினர். நூறு நகரங்களிலிருந்து வந்து குவியும் கூட்டத்தில் வடத்தில் கை வைப்பவர் எந்தக் குறிச்சி என்று விசாரிப்பது நடைமுறையில் ஆகாத காரியம். சாதி அங்கே ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் அது எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வாசல் இல்லாத வீதியில் அதற்கு நிற்க இடம் குறைவு.

எனக்கே பதில் சொல்லக் கடினமான ஆட்சேபம் இளையவர்களைப் பற்றியது. ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகள் தேர் ஞாயிறு வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அன்னதானம் சாப்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஊரிலும் இளசுகள் கச்சானுக்கும் வளையல் கடைக்கும்தான் திருவிழாவுக்குப் போனார்கள் என்று இதற்குப் பதில் சொல்லிவிடலாம். பின்னாளில் அவர்களே உபயகாரர்களும் ஆனார்கள். ஆனால் அந்தப் பதில் பாதிதான் செல்லும். ஊரில் அவர்கள் வயதாகித் திரும்பியபோது முறைகளெல்லாம் தெருவிலேயே காத்திருந்தன, யாரைப் பார்த்தாலும் கற்றுக்கொள்ளலாம். இங்கே அவை ஒரு தாயின் கையில் மட்டும் இருக்கின்றன. திருவிழாவின் கனம் வீட்டுக்கு மாறியது என்றால் பெரும்பாலும் அது பெண்கள் தலையில் மாறியது என்றே பொருள். அவர்களில் பலர் காலையில் ஒரு வேலையும் மாலையில் இன்னொரு வேலையும் பார்த்துவிட்டு வந்து விரதச் சட்டியை அடுப்பில் ஏற்றுகிறவர்கள். கோபுரத்துக்கும் தேருக்கும் நிதி திரட்டும் சமூகம் இந்த வேலையைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. பாட்டும் பரதமும் சொல்லித்தரும் வார இறுதி வகுப்பில் ஒரு மணி நேரம் படையல் போடவும் விரதம் சமைக்கவும் ஒதுக்கலாம். அதில் ஆண் பிள்ளைகளையும் உட்காரவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைத் தேருக்குச் சம்மதித்த ஆகமம் இதற்கா மறுப்புச் சொல்லப்போகிறது?