நெஞ்சு படபடப்புக்கு ஈசிஜி மட்டும் போதுமா?

எங்க பெரியம்மாவுக்கு வாலிகண்டபுரம். பெரியப்பா தவறினதுக்கு அப்புறம், "நெஞ்சு படபடங்குதுங்க, தூக்கமே இல்ல, சோறு இறங்கல" என்று நாலு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. நாலு தடவையும் ஈசிஜி. நாலு தடவையும் "ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க". அஞ்சாவது தடவை பி.பி. பார்த்த நர்ஸ் ஒருத்தர்தான், "எப்பலருந்தும்மா இப்படி?" என்று கேட்டாங்க. பெரியம்மா அங்கேயே அழுதுட்டாங்க. அதுக்கப்புறம்தான் மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினாங்க.

'மென்டல் ஹெல்த் லிட்டரசி' என்ற சொல்லை 1997-ல் ஆஸ்திரேலியாவின் ஆண்டனி ஜோர்ம் குழு அறிமுகப்படுத்தியது. மனநோயை அடையாளம் கண்டு, எங்கே உதவி கிடைக்கும்னு தெரிஞ்சு வச்சிருக்கறதுதான் அது. இதைப் பேசும்போதெல்லாம் "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று முடிச்சிடுவோம். பெரியம்மா தனக்குத் தெரிஞ்ச வார்த்தையில தெளிவாத்தான் சொன்னாங்க. கேட்கத் தெரியாதது எதிர்ப்பக்கம். யூசர் மேல பழி போடாம இன்டர்ஃபேஸைத் திருத்தணும்னு நாம லேப்ல படிக்கிறோமே, அதேதான்.

வார்த்தையிலேயே சிக்கல் இருக்கு. எக்ஸாம் டென்ஷனுக்கும் 'மன அழுத்தம்', டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்' என்கிறோம். அதனால "யாருக்குத்தான் இல்ல?" என்ற பதில் வந்துடுது. 'மனச்சோர்வு' என்ற சொல் புத்தகத்தோட நின்னுடுச்சு.

இன்னொரு பக்கம், குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்க வைக்கும் பழக்கம் நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். கோயிலுக்குப் போறவங்களைத் திட்டி என்ன பயன்? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகம் தீப்பிடிச்சு, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவங்க உட்பட 28 பேர் இறந்தாங்க. பிறகு அந்த தர்காவுக்கே மருத்துவரைக் கொண்டுபோன திட்டம்தான் 'தவா–துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும். குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் முதலில் செய்து பார்த்தது. "துவாவை விடு"ன்னு அங்க யாரும் சொல்றதில்ல. ஜனங்க எங்க இருக்காங்களோ அங்க மாத்திரை போகுது.

மாவட்ட மனநலத் திட்டமும் இதே யோசனைதான். தமிழ்நாட்டில் அது 1997-ல் திருச்சியில்தான் தொடங்கியது. பெரம்பலூர் தனி மாவட்டமாகி சுமார் ரெண்டு வருஷம் ஆன நேரம்! ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் நர்ஸுக்கும் பயிற்சி கொடுப்பது அதில் ஒரு முக்கியமான வேலை. என்னைக் கேட்டா, நோய்ப் பெயர்களை விட "தூக்கம் எப்படிம்மா? வீட்டுல என்ன நடந்துச்சு?" என்ற ரெண்டு கேள்விதான் முதல்ல சொல்லித் தரணும்.

நமக்கும் ஒரு நம்பர்: டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். "எனக்கு டிப்ரஷன்"னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும்னு இல்ல. "தூக்கம் வரல"ன்னு சொன்னாலே போதும்.

பெரியம்மா இப்ப மாசாமாசம் பெரம்பலூர் போய் மாத்திரை வாங்கறாங்க. கேட்டா "நெஞ்சு மாத்திரை"ன்னுதான் சொல்வாங்க. டாக்டரும் அதைத் திருத்தறதில்ல.