புதுக் குளம்பு வளரும் வரை

1973இல் அமெரிக்காவின் மூன்று பெரும் குதிரைப் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்ற செக்ரெட்டேரியட், 1989 அக்டோபர் 4 அன்று கென்டக்கி பண்ணை ஒன்றில் கருணைக்கொலை செய்யப்பட்டது. 2006இல் கென்டக்கி டெர்பியை வென்ற பார்பரோவுக்கு, இரண்டு வாரத்தில் அடுத்த பந்தயத்தில் வலது பின்னங்கால் நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் எட்டு மாதம் சிகிச்சை நடந்தது. அடிபட்ட காலுக்காக உடல் பாரத்தைச் சுமந்த இடது பின்னங்குளம்பு கெட்டது. கடைசியில் முன்னங்குளம்புகளும் கெட்டன. 2007 ஜனவரி 29 அன்று அதற்கும் அதே முடிவு.

இரண்டையும் வீழ்த்திய நோயின் பெயர் லேமினைடிஸ்.

குதிரையின் குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. குளம்புச் சுவரையும் அந்த எலும்பையும் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்துப் பிடித்திருக்கின்றன. நகமும் சதையுமாக இருக்கும் இந்தப் பிணைப்பில்தான் அரை டன் உடல் தொங்குகிறது. லேமினைடிஸ் வந்தால் மடிப்புகள் இழுபட்டுப் பிரியத் தொடங்கும். எலும்பு உள்ளுக்குள் சுழலும், அல்லது கீழே இறங்கும். முற்றினால் அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

பந்தயக் குதிரைகளின் கதை இப்படி முடிந்தாலும், பிரிட்டன் போன்ற நாடுகளில் வீட்டுக் கொட்டிலில் வளரும் மட்டக் குதிரைகளுக்கு இந்த நோய் வேறு வழியில் வருகிறது. வசந்தகாலப் பசும்புல்லில் சர்க்கரை அதிகம். இயல்பிலேயே கொழுக்கும் குதிரை அதை வயிறுமுட்ட மேயும்போது ரத்தத்தில் இன்சுலின் எகிறும். அந்த இன்சுலினே குளம்பு மடிப்புகளைக் கெடுக்கிறது. வயதான குதிரைகளில் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறும் இதற்குக் காரணமாகிறது. காரணம் தீவனத்திலும் ஹார்மோனிலும் இருப்பதால், குணப்படுத்தும் வேலையின் பெரும்பகுதி வளர்ப்பவர் கைக்கு வந்துவிடுகிறது.

அறிகுறிகளைக் கண்டுகொள்வது கடினமில்லை. முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குதிரை நிற்கும். திரும்பும்போது தயங்கும். குளம்பு சுடும். குளம்புக்குச் சற்று மேலே விரல் வைத்தால், வழக்கமாகத் தேடிப் பிடிக்க வேண்டிய நாடி பலமாக அடிக்கும். அந்த நிலையில் குதிரையை நடத்திப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு அடியும் மடிப்புகளை மேலும் கிழிக்கும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வலிநிவாரணியும், எலும்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்ரேயும் அவர் பொறுப்பு.

மருத்துவர் வரும் வரை பனிக்கட்டி கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பாலிட்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வுகள், குதிரையின் காலைப் பனிக்கட்டி நீரில் இடைவிடாமல் வைத்திருந்தால் மடிப்புகளின் சேதம் வெகுவாகக் குறையும் என்று காட்டின. நோயின் ஆரம்பத்தில்தான் இதன் பலன் அதிகம். அரை மணி நேரம் வைத்து எடுத்தால் போதாது. மருத்துவர் சொல்லும் வரை, இரண்டு மூன்று நாள்கூட, இரவும் பகலும் பனிக்கட்டி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்தது படுக்கை. மரச்சீவலோ மணலோ அரை அடிக்குக் குறையாமல், சுவரோரம் முதல் வாசல்வரை பரப்ப வேண்டும். குளம்பு அதில் அமிழும்போது பாரம் சுவரில் மட்டும் தொங்காமல் அடிப்பகுதி முழுவதும் பரவும். குதிரை படுத்துக்கொண்டால் எழுப்பத் தேவையில்லை. படுத்திருக்கும் நேரமெல்லாம் குளம்புக்கு ஓய்வு. பக்கத்துக் கொட்டிலில் இன்னொரு குதிரை கண்ணில் படும்படி இருந்தால், அடைபட்ட குதிரை தவித்து நடை போடாது.

தீவனத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தானியம், வெல்லப்பாகு கலந்த தீவனம், ஆப்பிள், கேரட், மேய்ச்சல் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஆனால் பட்டினி போடக் கூடாது. மட்டக் குதிரைகளும் கழுதைகளும் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் கொழுப்பு பெருகி உயிருக்கே ஆபத்து. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்புல் என்பது பொதுக் கணக்கு: 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு 6 கிலோ. சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் புல்லே நல்லது. பரிசோதிக்க வழியில்லாவிட்டால் ஒரு மணி நேரமாவது தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம். ஊறலில் தாது உப்புகளும் போய்விடுவதால் அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வலி அடங்கியதும் லாடம் கட்டுபவரின் வேலை தொடங்குகிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து, முன்நுனியைப் பின்னுக்குச் செதுக்கி, உயர்ந்த குதியைத் தாழ்த்தி, எலும்புக்கு இணையாகக் குளம்பைச் சீராக்குவார். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளரும். மேல்விளிம்பில் உருவாகும் உறுதியான புதுச்சுவர் முன்நுனியில் தரையைத் தொட ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். இடையில் குளம்புக்குள் சீழ் கட்டி, குதிரை திடீரென்று மூன்று காலில் நிற்கலாம். மருத்துவர் திறந்துவிட்டுக் கட்டுப்போட்டால் பெரும்பாலும் அது தேறிவிடும்.

எல்லாக் குதிரையும் பிழைப்பதில்லை. மருந்துக்கும் அடங்காத வலி நீடித்தால், எலும்பு அடியைத் துளைத்துவிட்டால், குதிரையை மேலும் நிற்க வைப்பது கொடுமை. மருத்துவருடன் பேசி முடிவெடுப்பதும் அக்கறைதான். பிழைத்த குதிரைகளில் சில மறுபடி சவாரிக்குத் தயாராகின்றன. மருத்துவர் அனுமதித்த பிறகு நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மேய்ச்சலுக்கு விட்டால் வாய்க்கூடை கட்டி, சர்க்கரை குறைந்திருக்கும் அதிகாலையில் மட்டும் விட வேண்டும். உறைபனி விழுந்த காலைகளில் புல்லில் சர்க்கரை தேங்கியிருக்கும் என்பதால் அன்று கொட்டிலில் உலர்புல்தான். சில குதிரைகளுக்கு ஆயுள் முழுக்கப் பசும்புல் கிடையாது. மாதந்தோறும் உடல் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதிவைத்து, இன்சுலினுக்கும் பிட்யூட்டரி ஹார்மோனுக்கும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தம் சோதித்து வந்தால், அடுத்த தாக்குதலுக்கு முன்பே தீவனத்தைத் திருத்திவிடலாம்.