வண்டியின் வலிமையா, சாரதியின் திறமையா?

விலையுயர்ந்த பந்தயக் கார் ஒன்று சீறிப் பாய்ந்து செல்லக் கண்டால், "எத்தனை பரிவலு?" என்று வினவுவோர் பலர், "செலுத்துபவர் யார்?" என்று வினவுவோர் சிலரே. இவ்விரண்டனுள் எது முதன்மையானது? விடை காண விழைவோர் ஜேர்மனியிலுள்ள நூர்பர்கிறிங் ஓடுபாதையின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

மலைக்காட்டினூடே அமைந்து 1927இல் திறக்கப்பட்ட இப்பாதையின் வடசுற்று, இன்று ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமுடையது. எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகளும், செங்குத்தான ஏற்ற இறக்கங்களும் சாரதியைக் கணமேனும் அயரவிடா.

நுவொலாரியின் வெற்றி

1935 ஜூலையில் நடைபெற்ற ஜேர்மன் பெரும் பந்தயத்தில் மேர்சிடிஸ், ஓட்டோ யூனியன் வண்டிகளே வெல்லும் என்பது பலரது துணிபு. இத்தாலியரான தாசியோ நுவொலாரி கொணர்ந்ததோ பழைய அமைப்புடைய அல்பா ரோமியோ. அதன் யந்திரம் 3.2 லீற்றர், ஓட்டோ யூனியனுடையது ஏறக்குறைய 5 லீற்றர். போதாக்குறைக்கு, பெற்றோல் நிரப்பும் பம்பி பழுதுற்றமையால் இரண்டு நிமிடங்களுக்கு மேல் அவர் தரித்து நிற்க நேர்ந்தது. எனினும் அவர் மனந்தளராது ஒவ்வொருவராய் முந்தினார். முன்னணியில் நின்ற பிரௌகிற்ஷின் மேர்சிடிஸ் வண்டியோ, தேய்ந்த ரயர் இறுதிச் சுற்றில் வெடித்துப் பின்தங்கியது. நாற்பத்திரண்டு வயது நுவொலாரி வாகை சூடினார்.

ஒரே வண்டி, இரு சாரதிகள்

இப்பாதையின் அருகிலேயே வளர்ந்தவர், 2021இல் மறைந்த சபீன் ஷ்மிற்ஸ் அம்மையார். இங்கு நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் 1996இலும் 1997இலும் வென்ற அணியில் இடம்பெற்றவர். 2004இல் பிரித்தானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றுக்காக, ஜெரமி கிளார்க்சன் டீசல் ஜாகுவார் ஒன்றிற் பயின்று, ஒரு சுற்றை 9 நிமிடம் 59 செக்கனில் முடித்தார். அதே வண்டியை அம்மையார் செலுத்தியபோது பிடித்த நேரம் 9 நிமிடம் 12 செக்கன். பின்னர் சரக்கேற்றும் வான் ஒன்றை 10 நிமிடம் 8 செக்கனில் ஓட்டிக் காட்டினார்!

யந்திரத்தின் பங்கையும் மறத்தலாகாது. 1983இல் ஸ்ரெபான் பெலோப் பந்தய போர்ஷே ஒன்றில் 6 நிமிடம் 11 செக்கனில் இச்சுற்றை முடித்தார். 2018இல் ரீமோ பேர்ன்ஹார்ட், பின்வந்த போர்ஷே ஒன்றில் 5 நிமிடம் 19 செக்கன் அளவில் முடித்தார். முதல்தரச் சாரதிகளிடையே 35 ஆண்டுப் பொறியியல் வளர்ச்சி ஈட்டித் தந்தது ஏறத்தாழ 52 செக்கன். சாதாரணக் காரில் அம்மையாரின் கைத்திறன் ஈட்டியது 47 செக்கன்!

திறமை எங்கே உள்ளது?

ரயரின் பிடிப்பு கைக்காசு போன்றது. பிறேக்கிலே அதனை முழுவதும் செலவிட்டவர்க்கு வளைவிலே திரும்ப மிச்சமில்லை. வல்ல சாரதி நேர்பாதையிலேயே வேகத்தைத் தணித்து, பிறேக்கை மெல்ல விடுவித்து, சுக்கானை ஒரே சீராகத் திருப்புவார்; வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரிந்த பின்னரே வேகத்தைக் கூட்டுவார். புதியவரோ வளைவின் நடுவில் அஞ்சித் திடீரெனக் காலை எடுப்பார். பாரம் முன்னே சாய, பின்சக்கரங்கள் பிடிப்பிழந்து வண்டி சுழலும். பரிவலு மிகுந்தால் அப்பிழை இன்னும் பெரு வேகத்தில் நிகழும்.

இன்று இப்பாதையிலே கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் தம் கார்களை ஓட்டலாம். அந்நாட்களிற் போட்டியோட்டம் விலக்கப்பட்டுள்ளது. முந்துவோர் இடப்புறமாகவே முந்தவேண்டும். புதிய வண்டிக்குப் பெருந்தொகை செலவிடுவோர், முதலில் நல்லாசான் ஒருவரிடம் பயிற்சி பெறுதல் நன்று. வண்டி பழையதாகும், கற்ற கைத்திறனோ அடுத்த வண்டிக்கும் உதவும். உயிரைக் காப்பதும் அதுவே.