தண்ணி நிற்கிற கொல்லையிலும் காய்கறி: மேட்டுப்பாத்தி போடலாம் வாங்க



போன மாசம் ஒரு குழுக் கூட்டத்தில் "நேத்து ராத்திரி உங்க வீட்டில் என்ன சாப்பாடு?" என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். பெரும்பாலோர் சொன்ன பதில் சோறு, ரசம், அப்பளம். சில பேர் சோறு, ஊறுகாய் என்றார்கள். காய் என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு. "காய் விக்கிற விலைக்கு வாரத்துல ரெண்டு நாள் வாங்குறதே பெருசு. வாங்குனாலும் அவருக்கும் பிள்ளைகளுக்கும் வெச்சிட்டு மிச்சம் இருந்தாத்தான் நமக்கு" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

நம்ம தஞ்சாவூர்ச் சீமை ஊருக்கே சோறு போடுகிற பூமி. இங்கே அரிசிக்குக் குறை இல்லை. குறை எல்லாம் அரிசியோடு சேர வேண்டிய கீரையிலும் காயிலும்தான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. அதாவது 20 பேர் உள்ள குழு என்றால் சுமார் 10 பேர். நடவுக்குப் போய் மதியம் தலை சுற்றுகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் முதல் முயற்சியும் எங்கள் தவறும்

இதை யோசித்துத்தான் சில வருஷங்களுக்கு முன் உறுப்பினர்களுக்கு விதைப் பாக்கெட் கொடுத்தோம். கொடுத்தது புரட்டாசி மாசம். வழக்கமாகச் சொல்கிற மாதிரி தரைமட்டத்தில் பாத்தி கட்டி, வரப்பு வைத்து, விதை போடச் சொன்னோம். விதை நன்றாகவே முளைத்தது. ஐப்பசி பிறந்ததும் அடைமழை பிடித்தது. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் கத்தரி வாடி நிற்கிறது, வெண்டை மஞ்சளாகிவிட்டது, கீரை அழுகிப் போய்விட்டது. "ஏன் மேடம், நாத்து விட்ட மாதிரில்ல தண்ணியில நிக்குது" என்று ஒரு உறுப்பினர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கச் சொன்னதே நாங்கள்தானே!

ஆனால் ஒரே ஒரு வீட்டுக் கொல்லையில் செடி பிழைத்திருந்தது. அந்த அம்மா பல வருஷம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். நாங்கள் சொன்னபடி செய்யாமல், கொடிக்காலில் செய்வதைப் போல ஒரு முழ உயரத்துக்கு மண்ணை மேடு கட்டி, இரண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்து, மேட்டின் மேல் நட்டிருந்தார். மழைத் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது. செடி மேலே நின்றது. அன்றைக்குப் பாடம் நடத்தியவர் அவர், கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்.

மேட்டுப்பாத்தி என்பது வெளியிலிருந்து வந்த புதுசு இல்லை. கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஈரம் இருக்க வேண்டும், ஆனால் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. அதற்காகத்தான் அங்கே மேடும் வாய்க்காலும். 2025இல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலைக்குப் பின்னால் இந்த அறிவும் இருக்கிறது.

நெல் நிற்கிறது, கத்தரி ஏன் சாகிறது?

வேரும் மூச்சு விடுகிறது. மண்ணில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளில் காற்று இருக்கும். தண்ணீர் தேங்கினால் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். காற்று கிடைக்காமல் வேர் திணறி அழுகிவிடும். நெற்பயிருக்குத் தாளுக்குள்ளே காற்றுப் போகும் வழி இருக்கிறது. இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்று இறங்கும். அதனால் அது தண்ணீரில் நிற்கும். கத்தரிக்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்த வசதி கிடையாது. அதிலும் பழைய டெல்டாப் பகுதியில் நம்ம மண் களிமண். தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் செம்மண், மணல் கலந்த மண் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்கள் அரை அடி மேடு போட்டாலே போதும்.

இடம் பார்ப்பது

ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரமாவது வெயில் படுகிற இடம் வேண்டும். தென்னை, வேம்பு அடியில் போட்டால் நிழலும் வரும், மர வேர் எருவையும் தின்றுவிடும். அடுப்படிக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் நேராகப் போய்ச் சேரும். சோப்புத் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்கு விட வேண்டாம். அதை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பி விடுங்கள்.

பாத்தி போடும் முறை

1. அளவு: அகலம் 3 அடி, நீளம் 10 அடி, உயரம் 1 அடி. தாழ்வான தெருவாக இருந்தால் ஒன்றரை அடி. அகலம் 4 அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று கை எட்ட வேண்டும். பாத்தி மேல் கால் வைத்தால் மண் இறுகிவிடும்.

2. வாய்க்கால்: பாத்தியைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு நடைபாதை விட்டு, அதில் அரை அடி ஆழம் மண்ணை வெட்டிப் பாத்தியின் மேல் போடுங்கள். மேடும் உயரும், வாய்க்காலும் கிடைக்கும். வெட்டிய வாய்க்கால் தெரு வடிகால் பக்கம் சரிந்து இருக்கணும். தண்ணீர் வெளியே போக வழி இல்லை என்றால் மேடு போட்டும் பயன் இல்லை. பக்கத்து வீட்டுக் கொல்லைக்குள் வடிய விட்டுச் சண்டை இழுத்துக்கொள்ள வேண்டாம்!

3. ஓரம்: மண் சரியாமல் இருக்க உடைந்த ஓடு, பழைய செங்கல், தென்னை மட்டை, மூங்கில் தப்பை எது இருக்கிறதோ அது போதும். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

4. அடியில்: முதலில் காய்ந்த மட்டைத் துண்டு, சருகு, வைக்கோல், நறுக்கிய வாழைத்தண்டு இவற்றை அரை அடிக்குப் பரப்பி, சாணிக் கரைசலைத் தெளியுங்கள். சாணி விடாமல் வெறும் வைக்கோலை மட்டும் போட்டால், அது மக்குகிற வரைக்கும் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

5. மேலே: மண் இரண்டு கூடைக்கு மக்கிய தொழு எரு ஒரு கூடை என்று கலந்து போடுங்கள். களிமண்ணாக இருந்தால் கூடைக்கு இரண்டு கைப்பிடி கருகிய உமி சேர்க்கலாம். பச்சைச் சாணியைக் கலக்கக் கூடாது. சூட்டில் வேர் வெந்துவிடும், புழுவும் வரும்.

பாத்தி போட ஆனி மாசம் சரியான நேரம். மண்ணை ஈரப் பதத்தில் வெட்டணும். சேறாக இருக்கும்போது வெட்டினால் காய்ந்தபின் செங்கல் மாதிரி ஆகிவிடும். பதினைந்து நாள் விட்டால் மேடு கொஞ்சம் அமுங்கும். அப்புறம் இன்னும் கொஞ்சம் மண் போட்டுவிட்டு ஆடியில் விதைக்கலாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது கொல்லைக்கும் பொருந்தும். அடைமழை வருவதற்குள் செடி வேர் பிடித்து நிற்கும். எங்களைப் போலப் புரட்டாசியில் ஆரம்பிக்காதீர்கள். ஆடியை விட்டவர்கள் தைப்பட்டத்தில் தொடங்கலாம்.

எதை, எப்படி?

இரண்டு பாத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பாத்தி கீரைக்கு. அதை நான்கு பங்காகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பங்கு விதையுங்கள். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். நாலாவது பங்கு விதைக்கிறபோது முதல் பங்கு பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளினால் மறுபடியும் தழையும். ஓரத்தில் பொன்னாங்கண்ணித் தண்டை ஊன்றி வையுங்கள். அடைமழையில் சின்னக் கீரை நாற்று மடங்கிவிடும். அந்த நேரத்தில் தென்னங்கீற்றைச் சாய்வாக மேலே கட்டிக் காப்பாற்றலாம்.

இரண்டாவது பாத்தி காய்க்கு. வெண்டையை ஒரு அடி இடைவெளியில் விதைத்தால் சுமார் 45 நாளில் காய் வரும். கத்தரியை 25, 30 நாள் நாற்றாக இரண்டு அடி இடைவெளியில் நடுங்கள். நடுவில் கொத்தவரை போடலாம். வேலி ஓரம் அவரை, புடலை, பாகல் ஏற்றி விடலாம். பந்தலை ரொம்ப உயரமாகப் போட வேண்டாம். கார்த்திகைக் காற்று எப்படி அடிக்கும் என்று 2018 நவம்பர் 16 கஜா புயலில் பார்த்தவர்கள் நாம்.

முருங்கையையும் பப்பாளியையும் பாத்திக்குள் வைக்காமல் தனியாக ஒரு மண் மேட்டில் வையுங்கள். இரண்டுக்கும் தேங்கின தண்ணீர் ஆகாது.

பூச்சி வந்தால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளானால் அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள். ஆடு, கோழிக்கு வேலி கட்டாயம். ஆடாதோடை வைத்தால் ஆடு வாய் வைக்காது.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

கொல்லையே இல்லை, என்ன செய்வது? பழைய உரச் சாக்கை நன்றாக அலசி, அடியில் ஓட்டை போட்டு, இதே மண் கலவையை நிரப்பி, இரண்டு செங்கல் மேல் வையுங்கள். சாக்குக்கு ஒரு கத்தரி அல்லது இரண்டு வெண்டை. வாசலில் நாலு சாக்குக்கு இடம் இருக்கும்.

இதற்குக் குழுவில் கடன் வாங்கலாமா? வேண்டாம். உழைப்பும் எருவும்தான் இதற்கு முதல். விதைக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் குழுவாகப் போய்க் கேளுங்கள். நாலு செடியை முற்ற விட்டு விதை எடுத்து, குழுவுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெருவெள்ளம் வந்தால்? தெருவே மூழ்கினால் பாத்தியும் மூழ்கும். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வருஷா வருஷம் கணுக்கால் அளவு தேங்குகிற தண்ணீருக்கு இது தாங்கும்.

கடைசியாக ஒன்று

இரண்டு பாத்தி வீட்டுக்கு வேண்டிய காய் முழுவதையும் தந்துவிடாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த அளவுக்கு நாம் போக நாளாகும். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது காசு கொடுக்காத கீரை சட்டிக்கு வரும். கீரை சாப்பிடுகிற அன்று எலுமிச்சை, நெல்லி, தக்காளி ஏதாவது ஒன்று சேர்த்துக்கொண்டால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். இரத்தசோகை இருக்கிறவர்கள் கீரையை மட்டும் நம்பி இருக்காமல், கிராம சுகாதார செவிலியரிடம் இரத்தம் பார்த்து மாத்திரையும் சாப்பிட வேண்டும்.

விளைந்த கீரையை அவருக்கும் பிள்ளைகளுக்கும் வைத்துவிட்டு "மிச்சம் இருந்தா பார்த்துக்கலாம்" என்று இருந்துவிடாதீர்கள். மண்ணை வெட்டிச் சுமந்தது நீங்கள். முதல் பறிப்பில் உங்கள் தட்டிலும் ஒரு கரண்டி விழட்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் மறுபடியும் "நேத்து ராத்திரி என்ன சாப்பாடு?" என்று கேட்போம். பதிலோடு வாருங்கள்.