எழுத்து சரி, பிரிப்புதான் பிழை

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஆட்ரியன் கிரைனர் என்ற மூலக்கூறு உயிரியலாளரின் குழு 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 என்று இன்று அழைக்கப்படும் ஒரு புரதத்தை எலிச் செல்களுக்குள் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உருவாக வைத்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. அந்தச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகின. எதிர்ப்புச் சக்தி குறைந்த எலிகளின் உடலில் செலுத்தியபோது கட்டிகளாக வளர்ந்தன.

அந்தப் புரதம் செல்லைப் பிரியச் சொல்லும் ரகமல்ல. ஆர்.என்.ஏ.வை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்ற வேலையில் கைகொடுப்பது. அந்த வேலையாள் ஒருவர் அளவுக்கு மீறினாலே புற்று வரும் என்று அதற்கு முன் இவ்வளவு நேராக யாரும் காட்டியதில்லை. நான் புற்றுக்கட்டிகளிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்துப் பார்க்கும் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள். இந்த வேலைக்கு வந்த புதிதில் என் மூத்தவர் படிக்கக் கொடுத்த கட்டுரை அது. இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

வெட்டுவது, ஒட்டுவது என்றால் என்ன? நம் மரபணுக்களில் புரதத்துக்கான செய்தி தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கவில்லை. எக்ஸான் எனப்படும் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. நடுவே இன்ட்ரான்கள்; பெரும்பாலும் எக்ஸான்களைவிடப் பல மடங்கு நீளமானவை. செல் முதலில் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்.என்.ஏ.வாக நகல் எடுக்கிறது. பிறகு இன்ட்ரான்களை அகற்றி, எக்ஸான்களை வரிசையாக இணைக்கிறது. இதுதான் ஸ்ப்ளைசிங். பழைய ஓலைச்சுவடியில் புள்ளியும் இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. பிரிக்கத் தெரிந்தவர் கையில்தான் அது பாட்டாகும். செல்லுக்குள் அப்படிப் பிரித்துப் படிப்பது ஸ்ப்ளைசியோசோம் என்ற பெரிய மூலக்கூறு இயந்திரம்.

1977இல் அடினோவைரஸை ஆராய்ந்தபோதுதான் இது தெரியவந்தது. எம்.ஐ.டி.யில் ஃபிலிப் ஷார்ப்பின் குழு, கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ரிச்சர்ட் ராபர்ட்ஸும் அவருடன் இருந்தவர்களும் தனித்தனியே கண்டார்கள். வைரஸின் ஆர்.என்.ஏ.வை அதன் டி.என்.ஏ.வுடன் சேரவிட்டு மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், இணை கிடைக்காத டி.என்.ஏ. பகுதிகள் வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டு நின்றன. ஷார்ப்புக்கும் ராபர்ட்ஸுக்கும் 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகளில் முன்னின்ற லூயிஸ் சௌ, சூசன் பெர்கெட் பெயர்கள் பரிசில் இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

கிரைனர் உருகுவேயில் பிறந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, செல்லைப் பிழிந்தெடுத்த சாற்றை வைத்துச் சோதனைக்குழாயிலேயே ஸ்ப்ளைசிங்கை நடத்திக் காட்டினார். 1986இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பருக்கு வந்தார். அந்தச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த புரதம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1. அப்போது அதனால் எந்த நோயாளிக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

பதில் முதலில் புற்றுநோயிலிருந்து வரவில்லை; குழந்தைகளின் தசைகளை முடக்கும் ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி என்ற பரம்பரை நோயிலிருந்து வந்தது. அந்தக் குழந்தைகளுக்கு எஸ்.எம்.என்.1 என்ற மரபணு பழுதாகியிருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஆனால் அதன் இரட்டை போன்ற எஸ்.எம்.என்.2 அந்தக் குழந்தைகள் எல்லோரிடமும் உண்டு. அதன் ஏழாவது எக்ஸானில் ‘சி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘டி’ இருக்கிறது. இந்த மாற்றத்தால் புரதத்தில் ஒரு அமினோ அமிலம்கூட மாறாது. எழுத்துக் கணக்குப்படி பிழையே இல்லை. ஆனாலும் அந்த எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 வந்து பற்றிக்கொள்ளும் இடம் அந்த ஒரே எழுத்தால் கெட்டுப்போகிறது என்று 2002இல் கிரைனரின் ஆய்வகம் எழுதியது.

பிறகு அவரும், கலிஃபோர்னியாவில் ஒரு மருந்து நிறுவனத்தில் இருந்த ஃபிராங்க் பென்னட்டும் சேர்ந்து, அந்த ஆர்.என்.ஏ.வில் சரியான இடத்தில் ஒட்டிக்கொண்டு எக்ஸானை விடுபடாமல் காக்கும் ஒரு குட்டி மூலக்கூறை உருவாக்கினார்கள். அதுதான் நுசினெர்சென். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உட்கார முடியாது என்று கைவிடப்பட்ட குழந்தைகளில் பலர் உட்கார்ந்தார்கள். ஒரு டோஸின் விலை 1,25,000 டாலர் என்று வைத்தார்கள். முதல் ஆண்டில் மட்டும் 6 டோஸ். இந்த விலையை என்னால் ஒருபோதும் நியாயம் என்று ஏற்க முடியாது.

புற்றுநோயில் கதை இன்னும் சிக்கல். புரதத்துக்கான செய்தி தாங்கிய நம் மரபணுக்கள் சுமார் 20,000. பல எக்ஸான் கொண்டவற்றில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஒன்றுக்கு மேற்பட்ட விதமாகப் பிரிக்கப்படக்கூடியவை. பி.சி.எல்.-எக்ஸ் என்ற மரபணுவைப் பாருங்கள். ஒருவிதமாக ஒட்டினால் செல்லைச் சாகாமல் காக்கும் நீண்ட புரதம். இன்னொரு விதமாக ஒட்டினால் செல்லைச் சாவுக்குத் தள்ளும் குட்டைப் புரதம். பல புற்றுச்செல்கள் நீண்டதையே பிடித்துக்கொள்கின்றன. எஸ்.ஆர்.எஸ்.எஃப்.1 மிகுந்த செல்களில், புற்றைத் தடுக்கும் பின்1 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ., தடுக்கும் திறனற்ற வடிவத்தில் ஒட்டப்படுகிறது. இந்தச் செல்களில் பின்1 மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தாலும் பழுது எதுவும் கண்ணில் படாது. கட்டியின் டி.என்.ஏ. பிறழ்வுகளை எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டால் நோயின் ஒரு பாதியைப் பார்க்காமலே விடுகிறோம் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

நுரையீரல் புற்றில் இதை நேரடியாகவே பார்க்கிறேன். நுரையீரல் புற்றின் பெரும் பிரிவான சிறுசெல் அல்லாத வகையில், சுமார் 3 சதவீதம் பேருக்கு மெட் என்ற மரபணுவின் 14ஆம் எக்ஸான் விடுபட்டிருக்கும். வளர்ச்சியைத் தூண்டும் அந்தப் புரதத்தை வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லும் அடையாளம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் புரதம் அழியாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். இப்படி விடுபடக் காரணமான டி.என்.ஏ. மாற்றங்கள் எக்ஸானின் விளிம்புகளிலும், பக்கத்து இன்ட்ரானுக்குள்ளும் விதவிதமாகப் பரவியிருக்கின்றன; டி.என்.ஏ. சோதனைக்குச் சில தப்பிவிடும். ஆர்.என்.ஏ.வில் ஒளிய இடமில்லை. 13ஆம் எக்ஸானின் கடைசி எழுத்தை அடுத்து 15ஆவதின் முதல் எழுத்து நிற்கும். டி.என்.ஏ. சோதனையில் எதுவும் சிக்காத ஒரு பெரியவரின் மாதிரியில் அந்த இணைப்பைத் திரையில் பார்த்தபோது, பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டு இருமுறை சரிபார்த்தேன். இதற்கென்றே காப்மாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 2020 மே மாதம் அனுமதி பெற்றது.

ஸ்ப்ளைசிங்கையே திருத்திப் புற்றைக் குணப்படுத்துவது இன்னும் வாய்க்கவில்லை. நுசினெர்சென்னைத் தண்டுவட நீரில் செலுத்திவிடலாம். உடலெங்கும் சிதறிய கட்டிகளுக்குள் அப்படியொரு மூலக்கூறைக் கொண்டுசேர்ப்பதுதான் கடினம். இவ்வகை மூலக்கூறுகள் இயல்பாகவே கல்லீரலில் சேர்வதால், கிரைனரின் குழு கல்லீரல் புற்றுள்ள எலிகளில் பி.கே.எம். என்ற மரபணுவின் ஒட்டலைத் திருப்பிப் பார்த்தது. கட்டியின் வளர்ச்சி குறைந்தது. எலியிலிருந்து மனிதருக்கு வர எவ்வளவோ தூரம் இருக்கிறது.

அதுவரை நம் கையில் இருப்பது பரிசோதனை. வீட்டில் யாருக்காவது நுரையீரல் புற்று என்று மரபணுச் சோதனை எழுதிக்கொடுத்தால், அதில் ஆர்.என்.ஏ.வும் பார்க்கிறார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பயாப்ஸித் துண்டைப் பாரஃபின் மெழுகில் பதித்துத்தான் எங்களுக்கு அனுப்புவார்கள். அதற்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வைவிட வெகு சீக்கிரம் சிதையும். மெழுகுக் கட்டி பழையதாகப் பழையதாகப் படிக்கக் கிடைப்பது குறைந்துகொண்டே போகும். ஆகவே முதல் சோதனையின்போதே கேட்டுவிடுவது நல்லது.