மூன்று மாத்திரையும் நான்கு மாத்திரையும்

வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர்களில் சிலர், "மூன்று மாத்திரைக்கு நோய் முழுதும் அடங்கவில்லை, நான்காகப் போட்டுக்கொள்வோமே" என்று தாமாகவே அளவைக் கூட்டிவிடுவதுண்டு. ஒரு மாத்திரையில் அப்படி என்ன வந்துவிடும்? அது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது.

மூளையின் நரம்பணுக்கள் பல ஒரே சமயத்தில் கட்டுமீறி மின்துடிப்புகளை எழுப்புவதே வலிப்பு. இதனைப் பீனோபார்பிடால் அடக்கும் என்று 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஹாப்ட்மான் கண்டார். ஆனால் அது தூக்கத்தையும் கூடவே கொண்டுவந்தது. பெரிதும் தூக்கம் தராமலே வலிப்பை அடக்கும் பெனிடாயினை 1938இல் பாஸ்டன் நகரில் மெரிட், புட்னம் இருவரும் அறிமுகம் செய்தனர்.

இரண்டையும் பெரும்பாலும் கல்லீரலே சிதைக்கிறது. சிதைக்கும் விதந்தான் வேறு. பீனோபார்பிடால், கதிரியக்கப் பொருளைப் போன்றது. இரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் ஏறத்தாழ 4 நாளில் அதில் பாதி நீங்கிவிடும். மருந்து மிகுந்தால் நீங்கும் வேகமும் மிகும். ஆகவே மூன்று மாத்திரை நான்கானால் இரத்தத்தில் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கே கூடும்.

பெனிடாயின் கதை வேறு. கிணற்றில் நீர் எவ்வளவு ஊறினாலும், இறைப்பவர் ஒருவரே என்றால் குறிப்பிட்ட வாளிகளுக்கு மேல் இறைக்க முடியுமா? பெனிடாயினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிக்கும் அத்தகைய உச்ச வேகம் ஒன்று உண்டு. ஒருவருக்கு அது நாளொன்றுக்கு 500 மி.கி. என்றும், இரத்தத்தில் லிட்டருக்கு 5 மி.கி. உள்ளபோது நொதி பாதி வேகத்தில் இயங்குகிறது என்றும் கொள்வோம். தினமும் 300 மி.கி. உண்டால் இரத்தத்தில் மருந்து லிட்டருக்கு 7.5 மி.கி.யில் நிலைபெறும். 400 மி.கி. ஆனால் 20! மேலும் அரை மாத்திரை, அதாவது 50 மி.கி. கூட்டினால் 45!! (மாணவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம்: உண்ணும் அளவை 5ஆல் பெருக்கி, 500இல் அந்த அளவைக் கழித்து வரும் மீதியால் வகுக்க வேண்டும்.)

வழக்கமாக விரும்பப்படுவது 10 முதல் 20 வரையே. அதைத் தாண்டினால் கண்மணி துடிக்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். 40ஐக் கடந்தால் அறிவு மயங்கவும் கூடும். உச்ச வேகமோ ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் மருத்துவர் பெனிடாயினைச் சிறுகச் சிறுகக் கூட்டி, இரத்தத்தைச் சோதிக்கச் சொல்கிறார்.

மருந்தை நிறுத்துவதிலும் ஏமாற்றம் உண்டு. பீனோபார்பிடாலை 2 நாள் விட்டாலும் 100க்கு 71 பங்கு உடலில் எஞ்சியிருக்கும். "விட்டும் ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். அப்படியே விட்டுவிட்டால், அளவு இறங்கிய பின் ஒரு நாள் வலிப்பு நிற்காமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.