புகழ் மண்டபத்தின் வாயில்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூர் ஓர் ஏரிக்கரையில் அமைந்திருக்கிறது. 1939-ஆம் ஆண்டு அவ்வூரில் ஒரு மண்டபம் திறந்து வைக்கப்பட்டது. பேஸ்பால் ஆட்டத்தில் தலைசிறந்து விளங்கியவர்களின் உருவங்களை வெண்கலத் தகடுகளில் வடித்து, அதன் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். புகழ் மண்டபம் என்பது அதன் பெயர். அந்நாட்டில் ஓர் ஆட்டக்காரர் அடையக்கூடிய பெருமைகளுள் அதனினும் மேலானது ஒன்றில்லை. அம்மண்டபத்தின் வாயிலில் பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. ஊக்க மருந்தின் துணைகொண்டு சாதனை புரிந்தவருக்கு அங்கே இடம் தரலாமா, ஆகாதா என்பதே அவ்வழக்கு. மாணவ நண்பர்களே, அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பேஸ்பாலை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். ஆயினும் கிரிக்கெட் அறிந்தவர்க்கு அதனை விளக்குதல் எளிது. ஒருவர் பந்தெறிகிறார், மற்றொருவர் மட்டையால் அதனை அடித்துவிட்டு ஓடுகிறார். மைதானத்தில் உள்ள நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். பந்து எல்லை வேலியைத் தாண்டி வெளியே போய் விழுமாறு அடித்துவிட்டால், அடித்தவர் யாருக்கும் அஞ்சாமல் நிதானமாகச் சுற்றி வரலாம். அதற்கு ஹோம் ரன் என்று பெயர். நம் கிரிக்கெட்டின் சிக்சரைப் போன்றது. ஆட்டத்தில் நிகழும் ஒவ்வொன்றையும் எண்ணிக் குறித்து வைப்பதில் அமெரிக்கர்களுக்குப் பெரு விருப்பம். பேப் ரூத் என்பவர் தம் ஆட்ட வாழ்வில் 714 ஹோம் ரன்கள் அடித்தார். ஹாங்க் ஆரன் 1974-இல் அதனை விஞ்சி, முடிவில் 755 என்ற எண்ணை எட்டினார். அந்நாட்டு மக்களுக்கு இவை வெறும் எண்கள் அல்ல. தலைமுறைகளை இணைக்கும் நினைவுகள்.

புகழ் மண்டபத்தில் இடம் பெறுவது எளிதன்று. ஓர் ஆட்டக்காரர் உயர்நிலைப் போட்டிகளில் பத்துப் பருவங்களாவது ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிய வேண்டும். பிறகு, பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் பத்து ஆண்டுகளேனும் உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள் வாக்களிப்பார்கள். நூற்றுக்கு 75 வாக்குகள் கிடைத்தால்தான் கதவு திறக்கும். கிடைக்கவில்லையெனில் அடுத்த ஆண்டு மீண்டும் பெயர் வரக்கூடும். அவ்வாறு பத்து ஆண்டுகள் வரை வரலாம். வாக்களிப்போர் எவற்றைக் கருத வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. ஆட்டக்காரரின் சாதனை, திறமை, குழுவுக்கு அவர் ஆற்றிய தொண்டு ஆகியவற்றோடு, நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றையும் சீர்தூக்க வேண்டும் என்று அவ்விதி கூறுகிறது. நம் வழக்கின் வேர் இவ்விதியில்தான் இருக்கிறது.

இனி, ஊக்க மருந்து என்பது யாதென்று காண்போம். நம் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நீர் இயற்கையாகவே உண்டாகிறது. தசைகளை வளர்ப்பது அதன் பணிகளுள் ஒன்று. அதனைப் போன்ற பொருள்களைச் செயற்கையாகச் செய்து ஊசி மூலமாகவோ மாத்திரையாகவோ உடலில் செலுத்துகிறார்கள். இவையே ஸ்டீராய்டுகள். கடும்பயிற்சி செய்யும்போது தசை நார்கள் சிறிது சிதைந்து, ஓய்வின்போது முன்னிலும் வலுவாக வளர்கின்றன. ஸ்டீராய்டு அவ்வளர்ச்சியை மிகுவிக்கிறது. களைப்பையும் விரைவில் போக்குகிறது. எனவே மருந்து உண்டவர் நாளும் மேலும் மேலும் பயிற்சி செய்ய இயலும். பிறர் தளரும் வயதிலும் அவர் தளராமல் நிற்பார். ஆயினும், மருந்து தானாகவே ஒருவனை வீரனாக்கிவிடாது. விரைந்து வரும் பந்தைக் கணப்பொழுதில் கண்டு அடிக்கும் கண்ணும் கையும் எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பதில்லை.

இதற்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. இதயமும் ஈரலும் கேடுறலாம். இயற்கைச் சுரப்பு குன்றிப்போகலாம். வளரும் பருவத்தில் உட்கொண்டால் எலும்புகளின் வளர்ச்சியே முன்னதாக நின்றுவிடலாம். மருத்துவக் காரணமின்றி இவற்றைக் கையாள்வதை அமெரிக்கா 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகக் கட்டுப்படுத்தியது. 1991-இல் பேஸ்பால் ஆணையர் இவை ஆட்டத்திலும் விலக்கப்பட்டவை என்று ஓர் அறிக்கை விடுத்தார். ஆனால் அறிக்கையோடு காரியம் நின்றுவிட்டது. சோதனையும் இல்லை, தண்டனையும் இல்லை.

இடையில் ஆட்டத்துக்கே ஒரு சோதனை வந்தது. 1994-இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டி நடைபெறவே இல்லை. மக்கள் மனம் கசந்தனர். பிறகு 1998-ஆம் ஆண்டு வந்தது. ஒரே பருவத்தில் 61 ஹோம் ரன்கள் என்று ரோஜர் மாரிஸ் 1961-இல் நாட்டிய சாதனையை, அவ்வாண்டு மார்க் மக்வயர், சாமி சோசா ஆகிய இருவரும் போட்டியிட்டு முறியடித்தனர். மக்வயர் 70 அடித்தார். சோசா 66 அடித்தார். நாடே அவர்களைக் கொண்டாடியது. மக்வயரின் பெட்டகத்தில் தசையூக்கும் மாத்திரைப் புட்டி ஒன்று இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. அன்று அம்மாத்திரையை ஆட்ட விதிகள் தடுக்கவில்லை. ஆகவே கேள்வி அடங்கிப்போயிற்று. தாம் ஸ்டீராய்டு உட்கொண்டதை மக்வயர் 2010-இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

2003-இல் பெயர் வெளியிடுவதில்லை என்ற உடன்பாட்டோடு ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஐவருக்கு மேல் மருந்து உட்கொண்டிருந்தது தெரிந்தது. அதன்பின் 2004 முதல் முறையான சோதனை வந்தது. தண்டனைகளும் படிப்படியாகக் கடுமையாயின. இன்று முதற்குற்றத்துக்கு 80 ஆட்டங்கள், இரண்டாம் குற்றத்துக்கு 162 ஆட்டங்கள், மூன்றாம் குற்றத்துக்கு வாழ்நாள் விலக்கு என்பது விதி. 2007-இல் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் நீண்ட விசாரணை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் பெயர்கள் அதில் இடம்பெற்றன. பழி ஆட்டக்காரர்களை மட்டும் சாராது; ஆணையர்கள், கழக நிருவாகிகள், ஆட்டக்காரர் சங்கம் ஆகிய அனைவரையும் சாரும் என்பது அவ்வறிக்கையின் கருத்து.

இவ்வழக்கில் முன்னே நிற்பவர் இருவர். ஒருவர் பேரி பாண்ட்ஸ். 2001-இல் ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன்கள், வாழ்நாளில் 762 ஹோம் ரன்கள், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது ஏழு முறை. மற்றொருவர் ரோஜர் கிளெமன்ஸ். 354 வெற்றிகள் ஈட்டிய பந்தெறிபவர். சிறந்த பந்தெறிபவருக்கு வழங்கும் சை யங் விருதை ஏழு முறை பெற்றவர். அறிந்து ஸ்டீராய்டு உட்கொண்டதில்லை என்றார் பாண்ட்ஸ். உட்கொள்ளவே இல்லை என்றார் கிளெமன்ஸ். நீதிக்கு இடையூறு செய்ததாக 2011-இல் பாண்ட்ஸுக்கு எதிராக வந்த தீர்ப்பு 2015-இல் தள்ளுபடியாயிற்று. பொய்ச் சத்தியம் செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கிலிருந்து கிளெமன்ஸ் 2012-இல் விடுதலையானார். எனினும் எழுத்தாளர்களின் ஐயம் தீரவில்லை. 2022-இல் நடந்த பத்தாவது, இறுதி வாக்கெடுப்பில் 394 பேருள் 260 பேர் பாண்ட்ஸை ஆதரித்தனர். இன்னும் 36 வாக்குகள் கிடைத்திருந்தால் அவருக்குக் கதவு திறந்திருக்கும். கிளெமன்ஸும் ஏறத்தாழ அதே அளவில் நின்றுவிட்டார்.

அவர்களுக்கு இடம் தர வேண்டும் என்போரின் வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. தண்டனையே இல்லாத காலத்தில் நடந்ததற்கு இன்று தண்டிப்பது முறையா என்று அவர்கள் கேட்கிறார்கள். புகழ் மண்டபத்தில் உள்ளவர்கள் அனைவரும் தூயவர்களா என்றும் கேட்கிறார்கள். பந்தில் எச்சில் முதலியவற்றைத் தடவி எறிவது விதிக்கு மாறானது. அதனைச் செய்ததாகத் தாமே நூல் எழுதி ஒப்புக்கொண்ட கேலார்ட் பெரி 1991-இல் மண்டபத்தில் இடம் பெற்றார். இவற்றினும் கூரிய வாதம் மற்றொன்று உண்டு. ஊக்க மருந்து பரவிய காலத்தில் ஆணையராக வீற்றிருந்தவர் பட் செலிக். மக்வயரின் குழுவை நடத்தியவர் டோனி லா ரூஸா. லா ரூஸா 2014-இலும் செலிக் 2017-இலும் மண்டபத்தில் இடம் பெற்றனர். கண்காணிக்க வேண்டியவர்களுக்கு மாலை; கண்காணிக்கப்படாதவர்களுக்குத் தடை. இது என்ன நீதி என்ற கேள்விக்கு விடை கூறுவது கடினம்.

எதிர்த்தரப்பின் குரலாக 2017-இல் ஒரு கடிதம் வந்தது. மண்டபத்தில் இடம் பெற்ற புகழ்மிக்க ஆட்டக்காரரும், அதன் துணைத் தலைவருமான ஜோ மார்கன், ஸ்டீராய்டு உட்கொண்டவர்களுக்கு வாக்களிக்க வேண்டாம் என்று எழுத்தாளர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களோடு ஒரே சுவரில் இருக்க விரும்பாத மூத்த ஆட்டக்காரர்களின் மனத்தை அக்கடிதம் காட்டிற்று.

இவ்விரு தரப்பையும் கேட்டபின் என் உள்ளம் மூன்றாவது ஒருவனை நோக்கிச் செல்கிறது. அவன் பெயர் யாருக்கும் தெரியாது. உயர்நிலைக் குழுவில் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது; இருவர் அதற்குப் போட்டியிடுகிறார்கள். ஒருவன் மருந்து உட்கொண்டான், மற்றவன் மறுத்தான். திறமையில் இருவரும் நிகரானவர்களே. ஆயினும் முன்னவன் சற்று வலிமை மிக்கவனாகி இடத்தைப் பிடித்தான். பின்னவன் ஊர் திரும்பி வேறு தொழில் தேடிக்கொண்டான். அவன் அடிக்காத ஹோம் ரன்களை எந்தக் கணக்கேட்டில் தேடுவது? பார்த்து எழுதியவன் முதலிடம் பெற்றால், நேர்மையாக எழுதியவனுடைய இரண்டாமிடம் மட்டுமா பறிபோகிறது? அவனுக்கு உரிய முதலிடமே அன்றோ பறிபோகிறது? தேர்வு எழுதும் உங்களுக்கு இதனை நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆகவே என் கருத்து இது. தண்டனை வேறு, பெருமை வேறு. சோதனையும் தண்டனையும் இல்லாத காலத்துச் செயலுக்காக ஒருவருடைய ஊதியத்தைப் பறிப்பதும், அவர் அடித்த ஓட்டங்களை ஏட்டிலிருந்து அழிப்பதும் தகாது. ஆனால் பெருமை என்பது யாரும் உரிமையாகக் கேட்டுப் பெறும் பொருளன்று. பிறர் மனமுவந்து அளிப்பது. அதனை அளிக்காமல் இருப்பது தண்டனையாகாது. மறுத்து நின்ற அந்தப் பெயரறியாத இளைஞனுக்கு இழந்த வாழ்வை நம்மால் திருப்பித் தர இயலாது. நீ செய்ததே சரி என்று அவனுக்குச் சொல்ல நமக்கு இருக்கும் வழி, மருந்தால் வந்த சாதனைக்குப் பெருமை சேர்க்காமல் இருப்பது ஒன்றுதான்.

இவ்வாறு கூறும்போது இரண்டு எல்லைகளை நாம் மறத்தல் கூடாது. முதலாவது, ஐயம் சான்றாகாது. மக்வயரைப்போல் தாமே ஒப்புக்கொண்டவர் உண்டு. 2009-இல் தண்டனை பெற்று 2011-இல் மீண்டும் சோதனையில் சிக்கிய மானி ராமிரஸையும், 2014-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் விலக்கி வைக்கப்பட்ட அலெக்ஸ் ராட்ரிகஸையும் போல் விதி வந்தபின் அதனை மீறியவர் உண்டு. இவர்கள் செய்தியில் மயக்கம் இல்லை. மறுப்பவர் திறத்திலோ, உள்ள சான்றை நடுநிலையோடு எடைபோடுதல் வாக்களிப்போர் கடமை. தோள் பருத்திருந்தது என்ற காரணம் மட்டும் போதாது. இரண்டாவது, அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆட்டக்காரரிடம் ஒழுக்கம் கேட்கும் மண்டபம் ஆணையரிடமும் குழுத் தலைவரிடமும் அதனைக் கேட்க வேண்டும். இல்லையெனில் நேர்மை என்ற சொல் எளியவரை அடிக்கும் கோலாக மாறிவிடும்.

பெருமை தராவிடில் வரலாறு மறைந்துபோகாதா என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. கூப்பர்ஸ்டவுனில் வெண்கலத் தகடுகள் உள்ள கூடத்தோடு ஒரு பொருட்காட்சிச் சாலையும் இருக்கிறது. 2007-இல் ஆரனின் சாதனையை விஞ்சிப் பாண்ட்ஸ் அடித்த 756-ஆவது ஹோம் ரன்னின் பந்தை வணிகர் ஒருவர் ஏழரை இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். அதனை என்ன செய்யலாம் என்று பொதுமக்களிடம் வாக்குக் கேட்டார். ஐயத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியைப் பொறிக்குமாறு மக்கள் கூறினர். அவ்வாறே பொறித்து, அடுத்த ஆண்டு அப்பந்தை அவர் பொருட்காட்சிச் சாலைக்கு வழங்கினார். அடித்தவருக்கு வெண்கலத் தகடு இல்லை. அடித்த பந்தோ அங்கே சேர்ந்துவிட்டது. நிகழ்ந்ததை மறைக்காமல் காப்பது வரலாற்றின் கடமை. எதனைப் பின்பற்றலாம் என்று இளைஞருக்குக் காட்டுவது பெருமையின் கடமை. இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ் இருக்கலாம்; ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் ஆகாது.